மச்சில் மிதித்த கன்னியம்மா அக்காவுக்கு

என் அருமைக் கன்னியம்மா அக்கா,

நீ போய் இன்றோடு ஏழு நாள். இந்த ஏழு நாளும் நான் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு சத்தம் இல்லை. "இந்த மச்சுச் சத்தம் ஒழியாதா" என்று ஊர் கேட்கக் கத்தியவன் நான்தான். ஒழிந்துவிட்டது. இப்போது கண்ணை மூடினால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. திருப்திதானே உனக்கு?

கோபித்துக்கொள்ளாதே. நல்ல வார்த்தையில் பேச்சை ஆரம்பிக்க எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது? சொல்ல வந்தது வேறு. நீ போனதிலிருந்து உன் வீட்டுக்காரர், எங்கள் மாமா, சோற்றைத் தொடவில்லை. என் வீட்டுக்காரி தனம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மடக்குக் கஞ்சித் தண்ணீர் இறக்குவாள், அவ்வளவுதான். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் உன் பின்னாலேயே வந்துவிடுவார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதனால் நேற்று மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். அதை நான் செய்திருக்கலாமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும்.

உனக்குத் தபால் போகாது. நம் தெரு வாசகசாலையில் மாதம் ஒருமுறை எழுதி வைக்கிற கையெழுத்துப் பத்திரிகையில் இதைச் சேர்க்கச் சொல்லப்போகிறேன். அங்கே வந்து படிக்கிறவர்களில் பாதிப் பேர் உன்னிடம் பூ வாங்கியவர்கள். மாமாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது என்று அவர்களுக்குத் தெரியும். நீ அவரை எப்படிக் கூப்பிட்டாய் என்று தெரியாது. அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் டிராம் ஓட்டுகிறவன். விடியற்காலை முதல் வண்டியை எடுத்தால் வெயில் உச்சிக்கு வரும்போதுதான் இறங்குவேன். சாயங்காலம் மறுபடி ஏற வேண்டும். நடுவில் கிடைக்கிற மூன்று மணி நேரம்தான் எனக்கு ராத்திரி. அது கெட்டுப்போனால் சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்தபடியே கண் சொருகும். எதிரே மாடு வரும், ரிக்‌ஷா வரும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெண்பிள்ளை வருவாள். தூங்கி வழிகிறவன் கையில் டிராமைக் கொடுக்கலாமா?

எட்டு வருஷத்துக்கு முன் தனத்தைக் கூட்டிக்கொண்டு கோயில் குளத்துக்குப் பின்னால் இந்தச் சந்தில் குடி வந்தபோது வீட்டுச் சொந்தக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சு மேல புருஷன் பொஞ்சாதி ரெண்டே பேரு. கொயந்த குட்டி இல்ல. ஒரு சத்தம் இருக்காது பாரு" என்றார். பாதி உண்மை. ஒருவர் சத்தமே போடமாட்டார்.

முதல் நாள் மத்தியானம் பாயை விரித்துக் கண்ணயர்ந்தேன். தலைக்கு மேலே பலகையில் தொம், தொம். கொஞ்சம் விட்டு இன்னொரு தொம். உடனே யாரோ தடதடவென்று நடந்தார்கள். சரி, என்னவோ விழுந்தது என்று புரண்டு படுத்தேன். அரை மணி கழித்து மறுபடி. இந்த முறை வேறு மாதிரி, மூன்று தடவை விடாமல். அதோடு பலகை இடுக்கு வழியாக மூஞ்சியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மேலே பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்? எழுந்து உட்கார்ந்து நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் பத்திரிகையைக் கிழித்துப் போடுவார்கள்.

ஒரு வாரம் இப்படியே போனது. ஒரு சாயங்காலம் லஸ் முனையில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் வண்டியை நிறுத்தினேன். ஏறக் காத்திருந்தவர்கள் திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். இன்ஸ்பெக்டர் என் கண்ணைப் பார்த்தார். "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா அப்பால நீ வூட்லயே தூங்கலாம்" என்றார்.

மறுநாள் துணிக்கொடி கட்டுகிற மூங்கில் கழியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படுத்தேன். மேலே தொம் என்றதும் நானும் கீழேயிருந்து பலகையை இடித்தேன். என்ன ஆச்சரியம்! மேலே யாரோ எழுந்து விறுவிறுவென்று நடந்தார்கள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மெதுவாகத் திரும்பிப் போகிற காலடி. பயந்துவிட்டார்கள், சரியான மருந்துதான் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் மூன்று தடவை இடித்தேன்.

அன்றைக்குத்தான் நீ கீழே இறங்கி வந்தாய். சண்டைக்கு வருகிறாய் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். நீ வாசற்படியில் நின்று நிதானமாகக் கேட்டாய்.

"இன்னா நைனா, எங்க வூட்டுக்காரர இன்னாத்துக்குக் கூப்டுக்கினே கீற?"

"நானா? நான் எங்க கூப்ட்டேன்?"

"நேத்து ஒரு தபா கூப்ட்ட. இன்னிக்கு மூணு தபா. பாதி மாலைய அப்டியே போட்டுட்டு எயுந்து வந்து என் மூஞ்சியப் பாக்குறாரு. சோறான்னு கைய காட்டிக் கேக்குறாரு. நான் கூப்டலன்னா நம்பவே மாட்டேங்குறாரு. உனக்கு இன்னா வோணும் சொல்லு, நான் சொல்றேன் அவராண்ட."

"எனக்குத் தூக்கம் வோணும்! நீ மேல மிதிச்சி மிதிச்சி என் தூக்கம் நாஸ்தியாப் பூட்ச்சி. அதுக்குத்தான் இடிச்சேன்."

நீ என்னைப் பார்த்தாய், கையிலிருந்த கழியைப் பார்த்தாய். கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாயே, அப்பப்பா! "அடப்பாவி, அதான்டா அவருக்குக் கூப்பாடு! வா மேல, வா" என்று என்னையும் தனத்தையும் ஏணிப்படியில் ஏற்றினாய்.

மச்சுக்குள் நுழைந்ததும் மல்லிகை வாசனை மூச்சை அடைத்தது. சாயங்கால அபிஷேகத்துக்கு வந்த பூ கூடை கூடையாகக் கொட்டிக் கிடந்தது. மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்தார். விரல் ஓடுகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் வேண்டுமென்றே பெரிதாகத் தொண்டையைக் கனைத்தேன். அவர் அசையவில்லை.

"பாரு" என்று சொல்லிவிட்டு நீ அடுப்புப் பக்கம் போய் நின்றாய். காலை நாலு விரல் உயரம்கூடத் தூக்கவில்லை. குதிகாலால் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. மாமா நாரைக் கீழே வைத்தார். திரும்பி உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

அக்கா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு வாரமாக என் தலையில் விழுந்த இடி அது. அதே இடி ஒரு மனுஷனுக்குப் பேராக இருந்திருக்கிறது. பலகை வழியாக அது அவர் உள்ளங்காலில் போய்ச் சேர்ந்து, அவரைத் திருப்பி, சிரிக்கவும் வைக்கிறது. தனம் உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அக்கா, போய்த் தொட்டா ஆவாதா?" என்று அவள்தான் கேட்டாள்.

"கண்ணாலம் ஆன புதுசுல பின்னாலருந்து ஒரு தபா தொட்டேன் தனம். தூக்கிவாரிப் போட்டுச்சி அவருக்கு. அப்டியே வெலவெலத்துப் பூட்டாரு. நாம வர்றது அவருக்கு இன்னா தெரியும்? திடீர்னு ஒரு கை மேல வியுந்தா எப்டி இருக்கும்? அன்னிக்கே வுட்டேன். அப்பால அவரேதான் தரைய தட்டிக் காட்டுனாரு, இப்டிக் கூப்டுன்னு" என்றாய்.

நீ மிதித்தது சோற்றுக்கு. பூக்கூடை வந்தால் வேறு ஒன்று. வாசலில் ஆள் வந்தால் ஒன்று. நீ கோயிலுக்குக் கிளம்புகிறாய் என்பதற்கு ஒன்று. எல்லாவற்றையும் மிதித்துக் காட்டினாய். மாமாவும் சும்மா இருக்கவில்லை. என்னைக் காட்டினார். கையை வட்டமாகச் சுழற்றி, நான் டிராமில் காலால் மணி மிதிக்கிற மாதிரி செய்தார். சுவரில் உள்ளங்கையை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார்.

நீ அர்த்தம் சொன்னாய். "விடியக்காத்தால தெருக்கோடில உன் வண்டி போவுதுல்ல, செவுத்துல கை வெச்சா அவருக்குத் தெரியுமாம். அத்த வெச்சித்தான் பூக்கடைக்கு எயுந்து போறாரு. உன் வண்டி வேற, மத்தவன் வண்டி வேறயாம். நீ வெடுக்குனு நிறுத்துறியாம்."

அது நிஜம். நான் வெடுக்கென்றுதான் நிறுத்துவேன். இன்ஸ்பெக்டருக்குக்கூடத் தெரியாத என் குறை, சத்தம் என்றால் என்னவென்றே அறியாத ஒருவருக்குச் சுவர் வழியாகத் தெரிந்திருக்கிறது! அதோடு விட்டாயா நீ? "நீ மணிய மிதிச்சிக்கினே போற, ஊரே அலறி எயுந்துக்குது. உன்ன யாராச்சும் கழி எடுத்துக்கினு வந்து குத்துனாங்களா நைனா?" என்றாய்.

மறுநாள் நீ காலில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு மிதித்துப் பார்த்தாயாம், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று. மாமாவுக்குத் தெரியவில்லை, சோறு ஆறிப்போனது. தனம் வந்து சொன்னதும் நான் மேலே ஏறி வந்து, "அக்கா, அத்த அவுத்துப் போடு. நல்லா மிதி" என்று சொன்னேன். அன்றைக்குப் படுத்தவன்தான். சோற்றுக்கு மிதித்தது காதில் விழுந்தது, ஓகோ, மாமா சாப்பிடப் போகிறார் என்று நினைத்தேன், தூங்கிவிட்டேன். என்ன மாயமோ, அதற்கப்புறம் அந்தச் சத்தம் என்னை எழுப்பியதே இல்லை. நீ கோயிலுக்குப் போகிற மிதி மட்டும் எழுப்பும். அதைக் கேட்டு எழுந்துதான் எட்டு வருஷமும் சாயங்கால வண்டிக்கு ஒரு நாள் தவறாமல் போனேன்.

உனக்குக் காய்ச்சல் வந்த நாலு நாளை நான் எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் எழுதாமல் முடியாது. கோயிலில் உற்சவம், மாலை நிற்கக் கூடாது என்று நீ மாமாவைப் பிடிவாதமாக ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாய். நீ அடுப்போரமாகப் படுத்திருந்தாய். எழுந்து மிதிக்கத் தெம்பில்லை. கையால் பலகையைத் தட்டினாய். அது அவர் காலுக்குப் போய்ச் சேரவில்லை. கீழே படுத்திருந்த எனக்குக் கேட்டது. கழியை எடுத்தேன். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே போய், நீ அவசரத்துக்கு மிதிக்கிற மாதிரி மூன்று தடவை விடாமல் இடித்தேன். அவர் எழுந்து ஓடி வந்தார். உனக்குத் தண்ணீர் கொடுக்கிற சத்தம் கேட்டது.

நாலு நாளும் நீ தட்டத் தட்ட நான் இடித்தேன். கடைசி நாள் பலகை இடுக்கில் வாயை வைத்து நீ பேசினாய். "நைனா, உனக்குப் புண்ணியமாப் போவும். இன்னிக்கும் நீ தூங்கலியே."

"நீ பேசாத அக்கா, மூச்சு வாங்குது உனக்கு" என்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. இன்னும் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கக் கூடாதா நான்?

நீ போன பிறகு நடந்ததைக் கேள். மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் கண்ணை மூடினாலும் காது திறந்திருக்கும், நாம் பேசிப் பேசி உள்ளே போகலாம். அவர் கண்ணை மூடிக்கொண்டால் போவதற்கு வழியே இல்லை. தோளைத் தொட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது, கையைத் தட்டிவிடுகிறார். பூக்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். லஸ் முனையில் பேசும் படத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பழைய ஊமைப் படத்துக்கு நீ அவரைக் கூட்டிக்கொண்டு போனபோதெல்லாம் கொட்டகையில் முதலில் சிரிப்பவர் அவர்தான் என்பாயே. நீ இருந்திருந்தால், "ஊரே பேசிக்கினு கீது, படம் ஒண்ணுதான் அவர மாதிரி கம்முனு இருந்துச்சி. அதுவும் பூட்ச்சா?" என்று கேட்டிருப்பாய். அந்த நோட்டீஸைப் பார்த்ததும் வண்டியிலேயே அழுதேன். கண்டக்டர் தூசி என்று நினைத்துக்கொண்டான்.

நேற்று மத்தியானம் தனம் சோற்றுத் தட்டோடு மேலே போய், அப்படியே திரும்பி வந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, அவளைக் கீழே எங்கள் பாயிலேயே உட்காரச் சொன்னேன். "நான் மேல மிதிக்கிறேன். அக்கா சோத்துக்கு மிதிக்கிற மாதிரி கீதான்னு நீ கேட்டுச் சொல்லு" என்றேன். மேலிருந்து அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே, அக்கா. எட்டு வருஷம் கீழேயிருந்து கேட்ட காதுதான் எங்கள் இரண்டு பேருக்கும்.

அடுப்புப் பக்கம் நின்று மிதித்தேன். மாமா அசையவில்லை.

"ஐய, இன்னா, டிராம் மணி அடிக்கிறியா? மெதுவா!" என்று கீழேயிருந்து தனம் கத்தினாள்.

மறுபடி மிதித்தேன்.

"குதிகால மட்டும் போடு. அக்கா முன்னங்கால ஊணாது."

மூன்றாவது தடவை, "ரெண்டுக்கு அப்பால இன்னும் கொஞ்சம் நிறுத்து" என்றாள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. மாமாவின் முதுகு அப்படியே இருந்தது. என் மிதியெல்லாம் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். எவனோ பலகையில் குதிக்கிறான் என்று விட்டிருப்பார்.

நாலாவது தடவை மிதித்தேன். குதிகாலால் இரண்டு, விட்டு ஒன்று. கீழேயிருந்து தனத்தின் குரல் வரவில்லை.

மாமா கண்ணைத் திறந்து திரும்பினார். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? அக்கா, கண் இமைக்கிற அந்த நேரத்துக்கு நீ செத்துப்போகவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அந்த வெளிச்சம் அணைந்ததையும் நான்தான் பார்த்தேன். ஐயோ பாவி, என்ன காரியம் செய்தேன், செத்தவளின் குரலைத் திருடிவிட்டேனே என்று அப்படியே ஏணியில் இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார், அடிக்கட்டும் என்று நின்றேன். குனிந்தார். என் கணுக்காலைப் பிடித்தார். நாலு விரற்கடை இடது பக்கம் தள்ளி, அடுத்த பலகையில் வைத்தார். அந்தப் பலகையில் ஒரு இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். அங்கே மரம் தேய்ந்து வழவழவென்று சின்னதாகக் குழிந்திருந்தது. உன் குதிகால் அளவு. என் குதிகால் அதில் பாதிதான் அடங்கியது.

மிதி என்று கை காட்டினார். தரையில் இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பி வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். மிதித்தேன். இன்னொரு தடவை என்று காட்டினார். மிதித்தேன். மூன்றாவது தடவைக்கு அவர் தோள் குலுங்கியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ தெரியாது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டு எங்கே என்று கேட்டார்.

தனம் விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடி வந்தாள். சோற்றைப் பிசைந்து இரண்டு கவளம் வாயில் போட்டதும் அவள் முகத்தைப் பார்த்து, உப்பு போதாது என்று கை காட்டினார். தனத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். இன்று காலை ஒரு கூடைப் பூ வாங்கி வந்திருக்கிறார். கட்டுகிறாரோ, சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, தெரியவில்லை. ஆனால் என் முதல் வண்டி போனதும் எழுந்துதான் போயிருக்கிறார். நான் இன்று மெதுவாக நிறுத்திப் பார்த்தேன், அவருக்குத் தெரிந்ததா என்று கேட்க வேண்டும்.

அக்கா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மத்தியானச் சோற்றுக்கு நான் மிதிப்பேன். நான் டியூட்டியில் இருக்கும் வேளையில் தனம் மிதிப்பாள், அவளுக்கு இப்போதே என்னைவிட நன்றாக வருகிறது. பூ வந்தால் மிதிப்போம், ஆள் வந்தால் மிதிப்போம்.

ஆனால் இன்னொரு மிதி இருந்ததே. எங்களுக்கு நீ காட்டாதது. பூவெல்லாம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, வேலை ஒன்றும் இல்லாத நேரத்தில், கால் விரலால் லேசாகப் பலகையைத் தொடுகிற மாதிரி ஒன்று. அதற்கப்புறம் தட்டு வைக்கிற சத்தம் வராது, யாரும் எழுந்து ஓடமாட்டார்கள். உன் சிரிப்பு வரும். மாமாவின் சிரிப்பு வரும், அவர் ஒரு நாளும் கேட்டறியாத அவர் சிரிப்பு. கீழே நான் தூங்குகிறவன் மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடப்பேன். எட்டு வருஷம் கேட்டிருக்கிறேன், எனக்கு அது நன்றாகத் தெரியும். மிதித்தால் என் காலுக்கும் வரும்.

அதை நான் மிதிக்கமாட்டேன். அவரே வந்து என் காலைப் பிடித்து அந்தப் பலகையில் வைத்தாலும் மிதிக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் கீழ்வீட்டுத் தம்பி,
முனுசாமி